எண்ணப்படாத வாசகர்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றை நம் மக்கள் கையாளும் பழக்கத்தைக் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் பொழுதுபோக்குக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். காலையில் கண்விழித்தவுடன் எதைப் பார்க்கிறோம், ஊர்ச் செய்தியை யார் வாயிலாக அறிகிறோம், எதை நம்புகிறோம் என்பவற்றை நம்முள் ஒவ்வொருவரும் தத்தம் சொந்த விருப்பம் என்றே கருதுகிறோம். ஆயினும், ஒரே பத்தாண்டில் பல இலட்சம் பேரின் சொந்த விருப்பம் ஒரே திசையில் திரும்புமானால், அதனைத் திருப்பிய கை ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். அந்தக் கையைத் தேடுவது கல்விக் கழகத்தின் வேலையே என்பது நம் துணிபு.

இவ்வுரைக்கு முன்னேற்பாடாக, கழகப் படிப்பகத்துக்கு வரும் இளைஞர்களையும் அவர்தம் வீட்டாரையும் ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதிவருமாறு கேட்டுக்கொண்டோம். எழுதத் தெரியாத முதியோருக்குப் பேரப்பிள்ளைகள் எழுதினார்கள். ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க அளவுக்கு அது பெரிதன்று. ஒரு தெருவின் கதை, அவ்வளவே. ஆனாலும் அக்குறிப்புகளைப் படிக்கையில் சில செய்திகள் பளிச்செனத் தெரிந்தன. வானொலியைப் பற்றி எழுதியவர்கள் தையற்கடையிலும் வண்டி ஓட்டுவதிலும் இருப்பவர்கள் மட்டுமே. தாய்மார்களின் மாலைப்பொழுது தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரியதாக இருக்கிறது. ஆயினும் பலர் தொடரை ஓடவிட்டு அரிசி புடைக்கிறார்கள், பூ கட்டுகிறார்கள். இளைஞர்களின் குறிப்புகளில் கைப்பேசியைத் தவிர வேறொன்றும் இல்லை. செய்தித்தாளை நாள் தவறாமல் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள். நடப்புச் செய்திகளில் வினா கேட்பார்கள் என்பதால் அவர்கள் கோடிட்டுப் படிக்கிறார்கள். முன்பு ஊர்ப் பெரியவர்கள் படித்த தாளை இன்று தேர்வெழுதும் பிள்ளைகள் படிக்கிறார்கள்! நம் தெருவில் நிகழ்ந்துள்ள மாற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நாம் வாசகர்களாக ஆனது நேற்றோ முந்தாநாளோ அன்று. 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் பெயரில் நான்கு பக்க மாத ஏடொன்றைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே ஏட்டின் நெற்றியில் பொறித்தார். சென்னையில் வாழ்ந்த நம் மக்கள் அதனை ஆவலுடன் வாங்கியதால் இரண்டே நாளில் ஏறக்குறைய 400 படிகள் விற்றுவிட்டன என்று தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். சில மாதங்களிலேயே அது வார ஏடாயிற்று. 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், புதன்கிழமையன்று, அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார ஏட்டை வெளியிட்டார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்று, 1914-இல் பண்டிதர் மறையும் வரை அவர் கையால் நடந்தது. கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் உழைத்த நம் மக்களிடையே அது சென்று சேர்ந்தது. மராத்தி நாட்டில் அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, அதன் விளம்பரத்தைக் காசு பெற்றுக்கொண்டும் வெளியிட மறுத்தது அந்நாளைய பெயர்பெற்ற 'கேசரி'.

அக்காலத்தில் நம் மக்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். அவ்வாறிருக்க, 400 படிகள் எப்படி விற்றன? அந்தப் படிகளை எத்தனை பேர் படித்தனர்? ஒருவர் வாசிக்க, சுற்றிலும் அமர்ந்து பலர் கேட்பதே அந்நாளைய வாசிப்பு முறை. திண்ணையில், விளக்கடியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் வாசலில் அவ்வாறு வாசித்தனர். நம் தந்தையர் காலத்தில் அம்பேத்கர் மன்றங்களின் படிப்பகங்களிலும் இதே முறை நீடித்தது. எட்டாவது படித்த ஒருவர் உரக்கப் படிப்பார். இடையில் யாரேனும் நிறுத்தி, 'அந்த வரியை மறுபடி படி' என்பார். மற்றொருவர், 'அந்த மந்திரி போன வருஷம் வேறு மாதிரிச் சொன்னானே' என்பார். படிப்பதற்குக் கால் மணி நேரம் ஆனால் பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். செய்தி கேட்பதும் செய்தியை விசாரிப்பதும் ஒரே வேளையில் நடந்தன.

இனி, தேநீர்க் கடைக்கு வருவோம். 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் தமிழில் செய்தி தந்தார். தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் செய்தித்தாள் ஒரு பண்டமாயிற்று. தமிழ் இதழியலைப் பற்றி எழுதுவோர் தேநீர்க் கடையை மக்கள் மன்றம் என்று புகழ்வது வழக்கம். அந்த மன்றத்தில் நமக்கு இருக்கை இருந்ததா என்பதை அவர்கள் எழுதுவதில்லை. தாள் கிடந்தது பெஞ்சின்மேல். பல ஊர்களில் அந்தப் பெஞ்சில் நாம் உட்கார முடியாது. நம் குவளை வேறு. அது கூரையின் ஓரத்தில் தனியே செருகப்பட்டிருக்கும். நின்றுகொண்டோ குத்துக்காலிட்டு அமர்ந்தோ தேநீரைப் பருகிவிட்டு, பெஞ்சில் இருப்பவர் படிப்பதைக் காதால் கேட்டுக்கொண்டு திரும்பினோம். பிறர் வாய்வழியே, பிறர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு நாட்டுநடப்பை அறிந்தோம். நம்மவர் பலருக்கு அன்று செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இல்லை என்று எவரேனும் குறை கூறினால், பெஞ்சின் கதையையும் சேர்த்துக் கூறும்படி கேளுங்கள்.

வானொலியின் கதையும் பெரிதும் வேறன்று. அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் தொடங்கப்பெற்றது. வானொலிப் பெட்டிக்கு உரிமம் எடுத்து ஆண்டுதோறும் கட்டணம் கட்டவேண்டியிருந்த காலம் அது. ஏழைகளுக்காக அரசு ஊராட்சிதோறும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் ஊராட்சி அலுவலகம் எங்கே இருந்தது? பெரும்பாலும் ஊருக்குள் இருந்தது, சேரியில் இல்லை. ஒலிபெருக்கியின் ஓசை மட்டும் காற்று வந்த பக்கம் நம்மிடம் வந்தது. காற்றுக்குச் சாதி தெரியாது என்று அந்நாளில் ஒரு பெரியவர் வேடிக்கையாகச் சொல்வார். பின்னர்க் கையடக்கமான டிரான்சிஸ்டர் வந்தபிறகே நம் குடிசைகளில் இலங்கை வானொலியும் திருச்சி வானொலியும் நம் விருப்பப்படி ஒலித்தன. நடவு வயலின் வரப்பில் ஒரு பெட்டி இருந்தால் அந்த வயல் முழுதும் கேட்கும்.

திரைப்படத்தைப் பற்றி இங்கு நெடிது பேசப்போவதில்லை. அதற்குத் தனி உரை வேண்டும். ஒன்று மட்டும் கூறுவோம். டூரிங் கொட்டகையின் தரை டிக்கெட் நமக்குக் கிடைத்த சமத்துவங்களுள் ஒன்று. காசு கொடுத்தவன் மணலைக் குவித்து அதன்மேல் உட்காரலாம். இருட்டில் எவனும் எவனையும் எழுப்பவில்லை.

தொலைக்காட்சி சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15 அன்று வந்தது. ஊர்ப்புறங்களில் அது பரவியபோது, வெள்ளிக்கிழமை மாலையில் 'ஒளியும் ஒலியும்' பார்ப்பதற்காகப் பெட்டி உள்ள வீட்டின் சன்னலோரம் நம் பிள்ளைகள் நின்றதை இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அறிவார்கள். உள்ளே அழைத்து உட்காரவைத்த நல்லவர்களும் இருந்தார்கள். சன்னலைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று தனியார் தமிழ் அலைவரிசையான சன் தொலைக்காட்சி தொடங்கியது. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பெற்றன. அரசின் செலவு வீண் என்று பலர் எழுதினார்கள். சன்னலோரம் நின்றவர்கள் அவ்வாறு எழுதவில்லை. நம் குடும்பங்கள் தம் வீட்டுக் கூரையின்கீழ், தாமே தேர்ந்தெடுத்த நிகழ்ச்சியைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

இதுவரை கூறியவை நாம் எங்கே நின்று கேட்டோம், எங்கே நின்று பார்த்தோம் என்பவை. இனிக் கூறப்போவது, நம்மை யார் எண்ணினார்கள் என்பது. இளைஞர்கள் இப்பகுதியைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம்.

ஓர் ஏடோ அலைவரிசையோ விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரம் தருபவர், 'உம்மை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?' என்று கேட்கிறார். ஆகவே பார்ப்பவர்களை எண்ண வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஏடுகளின் விற்பனையைத் தணிக்கை செய்ய 1948-இல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. அது விற்ற படிகளை எண்ணுவது. ஒரு படியை வாங்கி ஒருவர் படிக்க இருபது பேர் கேட்டால், அந்தக் கணக்கில் அது ஒன்றே. இருபது பேரும் இல்லாதவர்கள். பின்னாளில் வாசகர் கணக்கெடுப்பு வந்து ஒரு படியை எத்தனை பேர் படிக்கின்றனர் என்று கேட்டது. ஆனால் அதுவும் கண்ணால் படித்தவரைத் தேடியதே தவிர, காதால் கேட்டவரைத் தேடவில்லை. ஆக, நம் மக்களின் வாசிப்பு முறை முழுவதுமே அந்நாளைய கணக்கேடுகளுக்கு வெளியே நின்றது.

தொலைக்காட்சிக்கு வந்தால், சில பத்தாயிரம் வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்தி, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தானைக் கொடுத்து, அவற்றிலிருந்து நாட்டின் கோடிக்கணக்கான வீடுகளின் பழக்கத்தைக் கணிக்கிறார்கள். பானைச் சோற்றுக்குச் சில சோறு பதம் பார்ப்பது போன்றது. முறையில் குற்றமில்லை, பதம் பார்ப்பவர் நேர்மையாக இருத்தல் வேண்டும். 2020 அக்டோபரில் இக்கருவிகளை வைத்து முறைகேடு நடந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்து, செய்தி அலைவரிசைகளுக்கான மதிப்பெண் வெளியீடு நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது.

இதைவிட நாம் அறியவேண்டியது வேறொன்று. இக்கணக்கில் வீடுகளை மேல் கீழ் என வகைப்படுத்துவதற்கு 2011 முதல் ஓர் அளவுகோல் கையாளப்பட்டது. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு என்ன, பதினொரு பொருள்களுள் எத்தனை அவ்வீட்டில் உள்ளன என்னும் இரண்டே கேள்விகள். மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வண்டி, வண்ணத் தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், கணினி, மகிழுந்து, குளிர்சாதனம் ஆகிய பத்தும் போகப் பதினோராவது எது தெரியுமா? விளைநிலம்! நிலமும் படிப்பும் நமக்கு மறுக்கப்பட்டவை எத்தனை தலைமுறை என்பதை இந்த அவைக்குக் கூறவேண்டியதில்லை. அந்த அளவுகோலில் சாதி என்னும் சொல் இல்லை. ஆயினும், சாதி நமக்குத் தராமல் வைத்துக்கொண்டவற்றையே எண்ணிப் பார்த்து, 'இவ்வீட்டார் விலையுயர்ந்த வாசகர் அல்லர்' என்று அது முடிவு செய்தது. வாங்கும் ஆற்றல் உள்ளவனுக்காக நிகழ்ச்சி தயாரிப்பவர், வாங்க இயலாதவனின் தெருவுக்கு நிருபரை அனுப்புவாரா? நம் தெருவில் சாலை இல்லை என்பது செய்தியாகாமல் இருந்ததற்கு வெறுப்பு மட்டும் காரணம் என்று நாம் கருதவில்லை. அந்தச் செய்திக்கு விளம்பரம் கிடைக்காது என்பதும் ஒரு காரணம்.

எழுதுவோர் பக்கத்தையும் சிறிது பார்ப்போம். 1996-இல் பி. என். உனியால் என்னும் இதழாளர், டில்லியில் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களிடையே ஒரு தலித் செய்தியாளரைத் தேடிப்பார்த்து, ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாம், நியூஸ்லாண்டரி ஆகியவை இணைந்து வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் தலைமைப் பதவிகள் 121-ஐ எடுத்துக்கொண்டு பார்த்ததில், 106 பதவிகள் மேல்சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் அரசுகள் பல மாறின. இது மட்டும் மாறவில்லை.

இந்த நிலையில்தான் கைப்பேசி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொடக்கச் சலுகையாக இணையத்தை இலவசமாகவே தந்தது. பிற நிறுவனங்களும் விலையைக் குறைக்க நேர்ந்தது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் நம் தெருவின் தோற்றமே மாறியது. பெஞ்சும் இல்லை, சன்னலும் இல்லை. எவரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. இதனைச் சிறிய மாற்றம் என்று கூறுவோர் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களாக இருக்கவேண்டும். 2021 நவம்பர் 2 அன்று 'ஜெய் பீம்' திரைப்படம் கொட்டகைக்கு வராமல் நேரே இணையத்தில் வெளியாயிற்று. காவல் நிலையத்தில் சிதைக்கப்பட்ட ஓர் இருளர் குடும்பத்தின் கதையை வீட்டில் இருந்தவாறே, கைப்பேசியில் கூட, பார்க்க முடிந்தது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 2002-இல் ஊர்ப்புறப் பெண்கள் தொடங்கிய 'கபர் லகரியா' என்னும் ஏடு, அச்சிலிருந்து கைப்பேசிக் காணொளிக்கு மாறிற்று; தலித் பெண்களான அதன் செய்தியாளர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியை நம்முள் பலர் முதலில் கைப்பேசியில்தான் கண்டோம்.

ஆயினும், இளந்தோழர்களே, கைப்பேசியின் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். இதுவரை நம்மை எண்ணாமல் விட்டார்கள். இப்பொழுது நம்மை நொடிக்கு நொடி எண்ணுகிறார்கள். எந்தக் காணொளியில் விரல் நின்றது, எத்தனை நொடி நின்றது, எதைத் தள்ளிவிட்டீர்கள் என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. நீங்கள் எங்கே நின்றீர்களோ அதைப் போன்றதையே அது மேன்மேலும் கொண்டுவந்து காட்டுகிறது. அண்ணலின் உரையொன்றை முழுதும் கேட்டவனுக்கு மற்றோர் உரை வருகிறது. சாதிப் பெருமை பாடும் பாட்டொன்றைச் சினத்தோடு பார்த்தவனுக்கு அதே போன்ற பத்துப் பாட்டுகள் வருகின்றன. சினமும் விருப்பமும் அந்த எந்திரத்துக்கு ஒன்றே. இரண்டிலும் விரல் நிற்கிறது. நம் இளைஞர் ஒருவர் தம் நாட்குறிப்பில், 'எனக்குப் பிடிக்காத சாதிப் பாட்டுகள் ஏன் என் கைப்பேசிக்கே வருகின்றன?' என்று எழுதியிருந்தார். நிறுத்திப் பார்த்ததால் வருகின்றன, தம்பி. அவ்வாறு பார்த்துச் சூடேறி, நள்ளிரவில் ஒரு நிலைப்படத்தை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தெருவே அச்சத்தில் விழிக்க நேர்ந்த ஊர்களை நாம் அறிவோம். இருபுறத்துப் பிள்ளைகளின் சினத்திலும் காசு பார்ப்பவர், இரு தெருவுக்கும் தொலைவில் இருக்கிறார்.

இன்னொன்று, பெண்பிள்ளைகளைப் பற்றியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைப்பேசிக்கும், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கும் மாறின. நம் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் ஒரு கைப்பேசி. அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் பாடம் போயிற்று. வீட்டில் வைத்துச் சென்றால் அண்ணன் கைக்குப் போயிற்று. மூன்றாவதாகத் தங்கைக்கு வரும்போது இணையம் தீர்ந்திருக்கும். நாட்குறிப்பு எழுதிய பெண்களுள் சிலர் இன்றும், 'அம்மாவின் கைப்பேசியில், இரவு ஒன்பதுக்குப் பிறகு' என்றே எழுதியிருக்கிறார்கள். வாங்கும் ஆற்றலை வைத்து நம் வீடுகளைத் தரம் பிரித்தார்கள் என்று சினந்தோமே, நம் வீட்டுக்குள் யார் கையில் கருவி இருக்கிறது என்பதையும் அதே சினத்தோடு கேட்பதுதான் நியாயம்.

உரக்கப் படிக்கும் பழக்கம் எங்கே போயிற்று என்று மூத்தோர் கேட்கிறார்கள். 'அந்த வரியை மறுபடி படி' என்று இடைமறித்தவரின் இடம் இன்று காலியாக இருக்கிறது. கைப்பேசியில் வரும் செய்தியை ஒவ்வொருவரும் தனியே பார்த்து, தனியே நம்பி, தனியே பிறருக்கு அனுப்புகிறோம். ஒரே திண்ணையில் நான்கு பேர் அமர்ந்து நான்கு வேறு செய்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். பழைய காலத்துக்கே திரும்பிச் செல்லலாம் என்று நாம் கூறவரவில்லை. அப்பழைய காலத்தில் தாள் பெஞ்சின்மேல் கிடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் விசாரித்து நம்பும் பழக்கத்தை நம் முன்னோர் எழுத்தறியாமலே வைத்திருந்தார்கள். எழுத்தறிந்த நாம் அதைக் கைநழுவ விடுவது எவ்வாறு தகும்?

நாட்குறிப்பு வாரம் முடிந்த ஞாயிறு மாலையில், அதனை எழுதிய அனைவரையும் படிப்பகத்தில் ஒன்றுகூட்டினோம். தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணை அவ்வாரத்துச் செய்தித்தாள்களிலிருந்து தேர்ந்தெடுத்து உரக்கப் படிக்கச் சொன்னோம். அரசியல் செய்தி படிக்கும்போது இளைஞர்கள் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள், அதனை மறைப்பானேன்? பின்னர் அவர் உள்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்த சிறு அறிவிப்பைப் படித்தார். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பற்றியது அது. பின்வரிசையிலிருந்து ஒரு தாயார், 'அந்தத் தேதியை மறுபடி படி, கண்ணு' என்றார். அவருடைய மகனுக்கும் அடுத்த தெருப் பிள்ளை ஒருவனுக்கும் அந்த அறிவிப்பு எந்தக் கைப்பேசியிலும் வந்திருக்கவில்லை. இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. மறுநாள் காலையிலேயே வருமானச் சான்றுக்கு எழுதிக்கொடுக்க, கழகத் தோழர் ஒருவர் அவ்விருவரையும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார்.